தனலெட்சுமி வாயை மூடிய கதை

என் நாத்தனார் தனலெட்சுமியைச் சீனி வாங்க அனுப்பினால் சீனியை மறந்துவிட்டு வருவாள். ஆனால் வழியிலுள்ள வீடுகளின் சேதி ஒன்றைக்கூட மறக்க மாட்டாள். எந்த வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எந்த வீட்டு மகன் வேலை போனதை மறைத்து, தினமும் சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பிப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். யாரையும் நேராகக் கேட்க மாட்டாள். "மாப்பிள்ளை ஈப்போவாமே, அக்கா?" என்று வேண்டுமென்றே ஊரைத் தப்பாகச் சொல்வாள். "ஈப்போன்னு யாரு சொன்னா? தைப்பிங்லா!" என்று அந்த அக்கா திருத்துவார். திருத்த ஆரம்பித்தவர் அதோடு நிறுத்துவாரா? மாப்பிள்ளையின் சம்பளம் வரைக்கும் வந்துவிடும்.

சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், நாணயம் மாற்றுகிற கடைக்கு மேல் மாடியில் எங்கள் குடித்தனம். நான், என் கணவர் வாசு, மாமியார் வள்ளியம்மா, தனம். வாசுவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சாயங்காலக் கோப்பியோடு மாமியார் கால் நீட்டி உட்கார்ந்தால், தனம் அன்றைய சேதிகளை வாசிப்பாள். எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை. தேவையும் இருந்ததில்லை.

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் ஒருமுறை நான் சிரிக்கவில்லை. எனக்கு முதன்முதலாக நாள் தள்ளிப்போனதை நான் வாசுவிடம் சொல்வதற்குள் தனம் பசாரில் சொல்லிவிட்டாள். மூன்றாம் மாதம் அது கலைந்துபோனபோது, மீன் விற்கிறவர் முதல் கீரைக்காரி வரைக்கும் என்னை நிறுத்தித் துக்கம் விசாரித்தார்கள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அவளும் அழுதாள். அழுது முடித்து, அண்ணி தன்மேல் எவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்பதையும் அடுத்த வீட்டில் போய்ச் சொன்னாள்.

இப்படிப்பட்டவள்தான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தாள். 1986ஆம் வருடம். நீண்ட விடுமுறையில் மாணவர்கள் எங்காவது வேலைப் பயிற்சி பெற்றாக வேண்டும். இல்லையென்றால் பட்டம் தள்ளிப்போகும். கூடப் படித்தவர்கள் வங்கிக்கும் தொழிற்சாலைக்கும் மனுப் போட்டார்கள். இவள் மாநில அரசின் சமூக ஆய்வுப் பிரிவுக்குப் போட்டாள். வீடு வீடாகப் போய்க் குடும்ப நிலவரம் கேட்டு எழுதுகிற அலுவலகம் அது. இரண்டு மாணவர்களுக்குத்தான் அங்கே இடம்.

"அடுத்த வீட்டு விஷயத்தக் கேக்குறதுக்குக் கவர்மெண்டே ஆள் வெச்சிருக்கா?" என்று மாமியார் வாயைப் பிளந்தார். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த கதைதான். அதுவும் அரசாங்க அவல்.

இந்தப் பயிற்சியை ஏன் விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, பிறர் வாழ்க்கையை அறிந்துகொள்வதில் சிறு வயது முதலே ஆர்வம் உண்டு என்று நல்ல மலாய் மொழியில் எழுதினாள். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மனுவை மட்டும் நம்பி இருக்க மாமியாருக்கு மனமில்லை. "கேபிள் இல்லாம இந்த ஊர்ல என்னா நடக்கும்?" என்றார். சிபாரிசுக்கு இங்கே அப்படித்தான் பெயர். அந்த அலுவலகத்தில் வண்டி ஓட்டுகிற முனுசாமி அண்ணன் எங்கள் தெருக்காரர். அவர் தம் பங்குக்கு அலுவலகத் தலைவி புவான் சலேஹாவிடம் போய், எங்கள் தெருவில் இந்தப் பெண்ணுக்குத் தெரியாத விஷயமே கிடையாது, கேட்டால் ஒன்று விடாமல் சொல்லிவிடும் என்று மனதாரப் புகழ்ந்துவிட்டு வந்தார். வந்து எங்களிடமும் பெருமையாகச் சொன்னார். மாமியார் அவருக்கு வடை கொடுத்தார்.

நேர்முகத் தேர்வில் புவான் சலேஹா எடுத்த எடுப்பில் கேட்டது அதைப் பற்றித்தான். தனம் வெளுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். மனுவை அவர் தள்ளிவிடவில்லை. ஒரு சோதனை வைத்திருந்தார். ஊருக்கு வெளியே பாலிக் புலாவ் கிராமத்தில் அவர் கொடுக்கிற வீடுகளுக்குப் போய்க் கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். அங்கே கேட்டது அந்தந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பிறகு அவரே அந்தப் பக்கம் போய் விசாரிப்பார். ஒரு சொல் வெளியே வந்திருந்தாலும் இடம் கிடையாது.

"எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லலாமில்ல?" என்றார் மாமியார்.

"ஒங்கிட்டதாம்மா முக்கியமா சொல்லக் கூடாது."

பாலிக் புலாவ் என்ற பெயர் விழுந்த பிறகு எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. என் அப்பா விநாசித்தம்பி அங்கேதான் இருக்கிறார். அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, ஒரு ஜாதிக்காய்த் தோட்டம் வாங்கிக் குடியேறியவர். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிளார்க்கு மாப்பிள்ளை, டாக்டர் மாப்பிள்ளை என்று எனக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் துறைமுகக் கூலி ஒருவரின் மகனான வாசுவைக் கட்டிக்கொண்டேன். "எனக்கு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள். பெட்டைப் பிள்ளை எண்டு ஒண்டு இல்லை" என்றார் அப்பா. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன்மார் இருவரும் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்கள். ஏழு வருடமாக நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. என் புகுந்த வீட்டார் யாரையும் அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

அந்த வாரம் முழுக்கத் தனம் என்னை உட்கார வைத்துக் கேள்விகளைப் பழகினாள். வீட்டில் எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து, பிள்ளைகள் எத்தனை பேர், கூட இருப்பவர் யார், வெளியில் இருப்பவர் யார். அவளுக்கு முன்னால் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

முதல் நாள் பாலிக் புலாவ் போய்விட்டு வந்தவள், வீடுகளுக்குள் நடந்ததைச் சொல்ல முடியாததால் ஒரு வாசலில் கட்டியிருந்த நாயைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். இரண்டாம் நாள் மழையைப் பற்றியும் பஸ் கண்டக்டரின் மீசையைப் பற்றியும் பேசினாள். மாமியார் அதையும் ஆவலோடு கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் வந்து ஒன்றுமே பேசவில்லை. நாய்கூட இல்லை. மாமியார் பயந்துபோய், தோட்டத்துப் பக்கம் எதையோ பார்த்து மிரண்டிருக்கிறாள் என்று திருநீறு பூசிவிட்டார்.

நான் அடுப்படியில் இருந்தபோது பின்னால் வந்து நின்றாள். "அண்ணி, இன்னிக்கு ஒங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டேன். பேரக் கேட்டு எழுதுறப்பதான் எனக்கே தெரிஞ்சிச்சு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க."

முழுக்கச் சொல்லவும் மாட்டாள், முழுக்க மறைக்கவும் தெரியாது. சட்டப்படி பார்த்தால் இதையே அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாவிட்டால் அவளுக்கு வயிறு வெடித்திருக்கும்.

"எப்படி இருக்காரு?"

"கேக்காதீங்க அண்ணி."

"பிள்ளைங்க எத்தன பேருன்னு கேட்டியா?"

"எல்லா வீட்லயும் கேக்கணும்."

"என்ன சொன்னாரு?"

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு என்றாரா, மூன்று என்றாரா. ஏழு வருடமாக நான் தெரிந்துகொள்ளத் தவித்த ஒரே விஷயம் இது ஒன்றுதான். அதைத் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டில், எனக்கு அடுத்த பாயில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டாள். நேரே போய்க் கேட்கலாமே என்பீர்கள். போன இடத்தில் என் முகத்துக்கு நேரே இரண்டு என்று சொல்லிவிட்டால் நான் எப்படித் திரும்பி வருவேன்?

மறுநாள் அவளுக்குப் பிடித்த கணவாய்ச் சம்பல் வைத்தேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு அண்ணி" என்று கையைக் கழுவினாள். இன்னொரு நாள் அவளுடைய உத்தியையே அவளிடம் போட்டேன். "ரெண்டு பேருதான்னு சொன்னாராமே?" என்று சும்மா சொல்வதுபோல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கிட்டயேவா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பிறந்த வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"என்ரை வயித்தில இருந்ததை ஊருக்கெல்லாம் சொன்னவள் நீ! எனக்கு ஒரு சொல்லுச் சொல்ல மட்டும் உன்ரை வாய்க்குப் பூட்டோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அதனாலதான் அண்ணி" என்றாள். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நானும் சமாதானம் செய்யவில்லை. அதற்குப் பிறகு அவளோடு சோறு, குழம்பு என்பதற்கு மேல் பேச்சில்லை.

வாசுவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. மாமியாரின் பாடுதான் பெரும்பாடு. மகள் வாயை மூடிப் பழகிப் பழகி, தெருச் சேதியையும் நிறுத்திவிட்டாள். சேதி இல்லாமல் கோப்பி இறங்காத மனுஷி, தாமே பசாருக்குப் போய்ச் சேகரிக்கத் தொடங்கினார். ஒரே மாதத்தில், விவாகரத்துக் கேட்டு நிற்கிற ஒரு வீட்டில் போய்க் கல்யாண நாள் எப்போது என்று கேட்டுவிட்டு வந்தார். எல்லாருக்கும் எல்லாத் தொழிலும் வந்துவிடாது.

பிறகு கடிதம் வந்தது. புவான் சலேஹா பாலிக் புலாவில் எல்லா வீடுகளிலும் விசாரித்திருந்தார். ஒரு குறையும் இல்லை. இரண்டு இடங்களில் ஒன்று தனத்துக்கு. மாமியார் பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். மனதுக்குள் எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

இனியாவது சொல்வாள் என்று இரண்டு நாள் பொறுத்தேன். பயிற்சி இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக, குடையை ஊன்றிக்கொண்டு அப்பா நின்றார். மெலிந்துபோயிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பெட்டை எங்கை? அவளைப் பற்றி முறைப்பாடு சொல்ல வந்தனான்."

முறைப்பாடு, அதாவது புகார் என்றதும் மாமியார் கோப்பிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கிடைத்த இடம் போய்விடும் என்ற பயம் அவர் குரலிலேயே தெரிந்தது. "ஐயா, எம் பொண்ணு என்னா தப்பு பண்ணுச்சு? வெளிய யாருகிட்டயாச்சும் சொல்லிடுச்சா?"

"சொல்லேல்லை!" என்று அப்பா குடையைத் தட்டினார். "அதுதான் பிழை. ஆற்றை பிள்ளை எண்டு கேட்டன். வாசுவின்ரை தங்கச்சி எண்டாள். மழை, பஸ், நாய் எண்டு ஒரு மணித்தியாலம் வாய் ஓயாமல் கதைச்சாள். இப்பிடிக் கதைக்கிறவள் அண்டைக்குப் பின்னேரமே இஞ்சை வந்து சொல்லிப்போடுவாள் எண்டுதான் நான் அவளட்டச் சொன்னனான். ரெண்டு மாசம் றோட்டைப் பாத்துக்கொண்டு இருந்தன். ஒருத்தரும் வரேல்லை."

"என்ன சொன்னீங்கள், அப்பா?"

"மூண்டு பிள்ளையள் எண்டு சொன்னன்" என்றார் சுவரிடம். "ஒருத்தி டவுனில இருக்கிறாள் எண்டு."

நான் திரும்பிப் பார்த்தேன். தனம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். மாமியார் அவள் விலாவில் இடித்து, "இப்பவாச்சும் சொல்லேன்டி, அப்பிடித்தான் சொன்னாரா?" என்றார். தனம் ஆம் என்று தலையசைக்கவில்லை, இல்லை என்றும் அசைக்கவில்லை. கண்களில் நீர் நிற்க, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

என் அப்பாவை எனக்குத் தெரியும். அன்று இரண்டு என்று சொல்லிவிட்டு, பிறகு தூக்கம் வராமல் புரண்டு, மூன்று என்று மாற்றிக்கொண்டு கிளம்பி வரவும் கூடியவர்தான். அன்று சொன்னது எதுவாக இருந்தாலும் எனக்கு இனித் தேவையில்லை. இந்த வயதில் பாலிக் புலாவிலிருந்து பஸ் மாறி வந்து, துறைமுகக் கூலியின் மகன் வீட்டு மாடிப்படி ஏறி, என் வாசலில் நின்று மூன்று என்கிறார்.

"உள்ளுக்கு வாங்கோ, அப்பா" என்றேன். அழுகையில் பாதிச் சொல்தான் வெளியே வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. செருப்பைக் கழற்றினார்.