அண்ணனைத் தண்ணீரில் இறக்கியவன்

அண்ணனும் நானும் தூத்துக்குடியில் ஒரே வள்ளத்தில் சங்கு குளித்தவர்கள். கம்ப்ரசர் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு அவன் இறங்குவான். நான் மேலே இருந்து குழாயைப் பார்த்துக்கொள்வேன். அவனுக்கு நடுமுதுகில் வலி வந்தபோது, அது கடல் வலிதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் வலி வரும், திரும்ப இறங்கிக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு மெல்ல ஏறினால் விட்டுவிடும். குளிகாரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"இன்னொரு தடவ இறங்குண்ணே. சரியாயிரும்" என்றேன்.

இறங்கினான். கீழே கிடந்தவரை வலி குறைந்தது என்றான். தண்ணீரில் முதுகெலும்புக்குப் பாரம் இல்லை, குறையாமல் என்ன செய்யும்? எனக்கோ வைத்தியம் பலித்துவிட்ட பெருமை. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது, ஆள் பாதியாக இளைத்தான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று மதினி கெஞ்சியபோது, "கடல் வலியப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். இரண்டு மாதம் அவனை இறக்கிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் வள்ளத்திலிருந்து கரையில் கால் வைத்தவன் அப்படியே மடங்கி விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடினேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், தண்டுவடத்தை ஒரு கட்டி அழுத்துகிறது, புற்றுநோயாக இருக்கலாம் என்றார். ஆபரேஷன் செய்து, கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை மதினி ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகரவில்லை.

டிபி என்று வந்தது. முதுகெலும்பிலும் டிபி வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். "கேன்சர் இல்லயாம்! மாத்திர சாப்பிட்டா போயிருமாம்!" என்று மதினி வராந்தாவில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நோய் குணமாகிடும். கால் வரும்னு சொல்ல முடியாது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கு. வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா நடந்திருப்பார்."

மாத்திரைகளை ஒரு நாள் விடாமல் நான்தான் கொடுத்தேன். நோய் போய்விட்டது, கால் வரவில்லை. தினமும் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும் நான்தான். இதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. அவன் கனம் என் தோளில் ஏறும்போதெல்லாம் நெஞ்சு வெந்துபோகிறது.

பார்க்க வருகிறவர்களிடம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வான்: "இவன் மட்டும் அன்னைக்குத் தூக்கிட்டு ஓடலன்னா நான் செத்துருப்பேன்."

டாக்டர் சொன்னதை இன்னும் நான் அவனிடம் சொல்லவில்லை.