மூன்றாவது துண்டிப்பு

சேவியரின் இணைப்பு அன்று அறுபடவில்லை. என் கணினியின் வயரைப் பிடுங்கியவன் நான்!

முறையாகச் சொல்கிறேன், கேளுங்கள். போடியிலிருந்து நானும் முருகனும், மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தங்கி வேலை பார்க்கும் சேவியரும் ஒரு கணினி விளையாட்டில் ஓர் அணி. மாதக்கணக்கில் கீழே இறங்காத அவனுக்குப் பேச்சுத்துணையே நாங்கள்தான்.

நாங்கள் ஆடிய விளையாட்டுக்குத் தனி சர்வர் கிடையாது. ஆடுகிறவர்களின் கணினிகளே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அவற்றில் ஒன்று ஆட்டத்தை நடத்தும். அது விழுந்தால் அடுத்தது பொறுப்பேற்கும். நடத்தியது என் கணினி. அடுத்தது சேவியருடையது.

துண்டிப்புகளை நாள், நேரம், காரணத்தோடு நோட்டில் எழுதுபவனும் நானே. ஒருவர் லைன் மூன்று முறை அறுந்தால் அவருக்கு அணியில் இடமில்லை. சேவியர் பெயரில் இரண்டு இருந்தன. இரண்டும் மழையால்; இரண்டும் உண்மை.

அந்தச் சனிக்கிழமை, மாலை நாலு பத்து... எங்களுக்குள் ஆடிய ஆட்டத்தில் நான் தோற்கப்போகிறேன் என்று தெரிந்தது. வயரைப் பிடுங்கி, உடனே செருகினேன். என் கணினியும் சேவியருடையதும் ஒரே நேரத்தில் நடத்த முயன்றால் ஆட்டம் இரண்டாகப் பிளந்து செல்லாத ஆட்டமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அப்படியே ஆனது.

"யாரு லைன் மாப்ளே அந்துபோச்சு? சேவியரா? குடை புடிச்சுக்கிட்டே ஆடுறானோ!" என்று மூவரும் பேசும் போனில் சிரித்தான் முருகன்.

"அண்ணே, இங்க மழையே இல்லண்ணே. வெயிலு காயுது" என்றான் சேவியர்.

நான் எழுதினேன்: சேவியர், மூன்று.

பிறகு என் கணினியின் பதிவைப் பார்த்தேன். அவன் கணினி ஒரு நொடிகூடத் தடுமாறாமல் ஆட்டத்தைத் தாங்கியிருந்தது! அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

அவனோ தன் கண்ணைவிட என் நோட்டை நம்பினான். "அண்ணன் எழுதுனா சரியாத்தான் இருக்கும். எம் பக்கந்தான் கோளாறு போல" என்று விலகிக்கொண்டான்.

எட்டாம் நாள், சிக்னலுக்காக ஒரு நிழல்மரத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டு இறங்கும்போது விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்புவீர்களா?

என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. "அண்ணே, நல்ல உசரத்துல கட்டிட்டேன். இனிமே லைன் அறாது. என்னையச் சேத்துக்குவீகள்ல?"

"சேத்துக்கிறோம்டா" என்றேன்.

அது மட்டுமே சொன்னேன்... நான் பிடுங்கிய வயரைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் அவனிடம் சொல்லவில்லை.