அவருக்குக் கேட்காத வசனம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஷிப்ட் இல்லையென்றால் பழைய படம் பார்ப்போம். என் வீட்டுக்காரருக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டும். எனக்கு எண்பதுகளில் வந்த கலர் படங்கள். பார்த்து முடித்ததும் எது உசத்தி என்று சண்டை போடுவோம்.

இன்று என் படத்தில் கதாநாயகன் மனைவியிடம் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்றேன்.

"பழைய படத்துல கணீர்னு பேசுவாங்கம்மா. இவன் இன்னா சொல்றான்னே எனக்குக் கேக்கல."

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறார். ஷிப்ட் முழுக்கத் தகடு அடிக்கிற சத்தம். அவருடைய ரசனை அப்படி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"காது சரியா கேக்கலைன்னு ஏன் சொல்லல?"

"நீ பயந்துக்குவேன்னுதான்."

நாளைக்கு லீவு சொல்ல வைத்துவிட்டேன். காது டாக்டரிடம் போகிறோம்.

பிறகு அந்தப் படத்தை மறுபடியும் போட்டோம். அவர் காதோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இன்னா சொல்றீங்க?"

"படம் சுமார்தான். டப்பிங் பிரமாதம்."

இந்த மனுஷனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.