ஆறு அடிச்சட்டங்கள்

ஈர நெல் சூடேறும்போது ஒரு வாடை வரும். புளித்த கஞ்சியும் நனைந்த சாக்கும் கலந்த வாடை. மூட்டைக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொட்டதுபோல் சுடும். எனக்குப் பன்னிரண்டு வயதான ஐப்பசியில், திருவாரூர்ப் பக்கம் அப்பா நடத்திய அரிசி ஆலையின் கிடங்கில் அந்த வாடை எழுந்தது. அதற்குக் காரணம் நான்.

அன்று நாங்கள் "அடிச்சட்டம்" என்று சொன்னதைத்தான் இன்று எல்லாரும் பேலட் என்கிறார்கள். மூட்டை தரையில் படாமலிருக்க அடியில் போடும் மரச்சட்டம். எங்களுக்கு அதைச் செய்து தந்தவர் சூசை என்ற இளம் தச்சர். மேலே என்ன ஏறப்போகிறது என்று கேட்காமல் அவர் மரத்தைத் தொடமாட்டார். தவிட்டு மூட்டைக்கென்றால் பலகைகளை நெருக்கி அடிப்பார், இல்லாவிட்டால் தவிடு சிந்தி இடுக்கில் பூச்சி பிடிக்கும். குறுவை நெல் மழைக்கு நடுவே அறுத்து ஈரமாக வருவதால், அடியில் காற்றுப் போக, பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி; தன் விரல்களையே விட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஆண்டு நெல்லுக்கென்று செய்த சட்டங்களை ஒரு மாலை, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், அவரே கிடங்கில் பரப்பிவிட்டுப் போனார். மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. சுமை தூக்குகிறவர்கள் வருவதற்குள் நானும் மூன்று "சேக்காளி"களும் அவற்றில் ஆறை உருவி, வாழைமரத் துண்டுகளோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஆலைக்குப் பின்னால் கரை தளும்பிய வாய்க்காலில் தெப்பமாக விட்டோம். மதகு வரைக்கும் ராஜாக்களாகப் போனோம். மதகில் மோதிக் கயிறு அறுந்தது. நாங்கள் கரையேறினோம், சட்டங்கள் போய்விட்டன. பயந்து ஓடிவந்து, தவிட்டுக்கென்று ஒதுக்கியிருந்த நெருக்குப் பலகைச் சட்டங்களில் ஆறை இழுத்து அந்த இடத்தில் போட்டேன். மத்தியானம் அவற்றின்மேல் நெல் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆளுயரத்துக்கும் மேலாக அட்டி ஏறின.

பத்தே நாளில் வாடை. அட்டியைப் பிரித்தால் அடி மூட்டைகளில் நெல் முளைவிட்டுக் கறுத்திருந்தது. அப்பா சூசையை வரவழைத்து, அத்தனை பேர் பார்க்க, "தவிட்டுச் சட்டத்த நெல்லுக்குப் போட்டிருக்கியே, கண்ணு எங்க போச்சு?" என்றார்.

சூசை குனிந்து பலகைகளுக்கு நடுவே விரலை வைத்தார்; நுழையவில்லை. "சரியாத்தான் போட்டதா நெனப்புங்க" என்றார். பொழுது சாய்ந்தால் சூசைக்குச் சட்டமும் தெரியாது, சம்சாரமும் தெரியாது என்று மூட்டை தூக்குகிற ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும்; சொல்லவில்லை. இனி வரவேண்டாம் என்று அவரை அப்பா அனுப்பிவிட்டார். அப்பா அடிப்பாரே என்ற பயத்தில்தான் வாய் திறக்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை.

பிறகு படித்தேன், கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். ஈரத் தானியம் ஏன் சூடாகிறது என்று கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். எங்கள் கிடங்கில் அந்தச் சூடு யாரால் வந்தது என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

என் மகள் இப்போது அரிசியைக் கப்பலில் அனுப்பும் தொழில் தொடங்கியிருக்கிறாள். போன மாதம் பேலட் வாங்க நாகூர் சாலையில் ஒரு பட்டறைக்கு என்னையும் அழைத்துப்போனாள். நாலு பக்கமும் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் நுழையுமா, மரத்தைச் சூட்டில் பதப்படுத்தி முத்திரை குத்தியிருக்கிறதா என்று அவள் விசாரித்துக்கொண்டிருக்கையில், உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு கிழவர் கேட்டார்: "மேல என்னம்மா ஏறப்போவுது?"

அந்தக் கேள்வியிலேயே சூசை என்று தெரிந்துவிட்டது. அப்பாவின் ஆலைப் பெயரைச் சொன்னேன். முதலாளி மகனா என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரவைத்து, என் மகளும் பட்டறையை நடத்தும் அவர் மகனும் கேட்க, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"தெப்பம் மெதந்துச்சா?" என்றார் சூசை. மதகு வரைக்கும் நாலு பேரைத் தாங்கியது என்றேன்.

"தாங்கும். மாமரம்." மகன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கடா. நான் மாத்திப் போடல."

ஆலை வேலை போனதிலிருந்து எந்தச் சரக்கை ஏற்றினாலும், தன் அப்பா மறுபடி இறக்கிச் சட்டம் சட்டமாக விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவார் என்றார் மகன். வீட்டில் அது பெரிய கேலியாம். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார் சூசை, அவ்வளவுதான். ஆனால் அவர் முகம் லேசாகியிருந்தது.

அரிசி கப்பலில் வேர்க்கும், ஒரு விரல் இடைவெளி போதும் என்று அவரே தேர்ந்து கொடுத்தார். வண்டி வரும்வரை ஊர்க்கதை கேட்டார். ஆலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது, வாய்க்காலை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள், மதகு இருந்த அடையாளம்கூட இல்லை என்று சொன்னேன். சரக்கு ஏறியதும், வழக்கப்படி திரும்ப இறக்கிப் பார்க்க மகன் கயிற்றை அவிழ்க்கப் போனார். கிழவர் கையசைத்தார்.

"வேணாம். சரியாத்தான் இருக்கும். போவட்டும்."