ஒச்சம்மாள் பேசுகிறார்

கண்ணாடி பார்க்காமலே கழுத்துத் துணியை மாற்றிக்கொள்கிறார் ஒச்சம்மாள். மெல்லிய பனியன் துணியில் அவரே தைத்தது. பின்கழுத்தில் முடிச்சுப்போட நாடா, முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தொங்கல். அதற்குப் பின்னால், தொண்டைக்குழியில், ஒரு துளை இருக்கிறது. அவர் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை என்பதால் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் போன அன்றைக்குப் புடவைக்குப் பொருத்தமாக மெரூன் நிறம்.

"வெள்ளையாக் கட்டுனா ஆஸ்பத்திரியில இருந்து ஓடியாந்தவ மாதிரில்ல இருக்கும்?" என்கிறார். பேசும்போது துணிக்கு மேலாகவே அந்தத் துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறார். கரகரத்த, தாழ்ந்த குரல். விரலை எடுத்தால் குரல் நின்றுவிடும்.

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு தையல் மெஷின் வரிசைக்கு, சூப்பர்வைசர் அவர். உசிலம்பட்டியை அடுத்த கிராமத்திலிருந்து, கல்யாணமான புதிதில் கணவர் ராக்கையாவோடு வந்தவர். துணி மடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, ஓவர்லாக் தைத்து, சூப்பர்வைசர் ஆனார். அப்போது அவருடைய குரல் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். எல்லா மெஷினும் ஓடும்போது அவர் ஒரு சத்தம் போட்டால் மேல்மாடியில் அயர்ன் போடுகிறவர்கள் கையை நிறுத்துவார்களாம். "ஒச்சம்மான்னா ஒருத்தருக்கும் தெரியாது. சத்தக்கார அக்கான்னு கேட்டா கம்பெனி கேட்டு வரைக்கும் கூட்டியாந்து விட்டுருவாய்ங்க."

அந்தக் குரல்தான் ஒரு நாள் கம்மியது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று மிளகும் தேனும் சாப்பிட்டார். தண்ணீர் விழுங்கவே வலித்தபோதுதான் கோவைக்குப் போனார்கள். புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும் என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம், ஊரிலுள்ள சொந்தபந்தங்களுக்கு ஒருவர் விடாமல் போன் போட்டுப் பேசினார் ஒச்சம்மாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆடு குட்டி போட்டதா, மழை உண்டா, யாருக்கோ நிச்சயித்த கல்யாணம் என்ன ஆயிற்று, இதுதான் பேச்சு. "நாளைக்கு இருக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. மிச்சம் வச்சு என்னா செய்ய? செலவழிச்சுட்டுப் போவோம்னு பேசுனேன்."

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் வாசலுக்குக்கூட வரவில்லை. ராக்கையா பேச்சைக் குறைத்துக்கொண்டார். டி.வி. பார்க்கும்போது சத்தத்தை அறவே அணைத்துவிட்டு, வாயசைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஊமையாக இருக்கையில் வீட்டில் இன்னொன்று பேச வேண்டுமா என்று நினைத்தாராம். ஒரு மத்தியானம் ஒச்சம்மாள் ரிமோட்டைப் பிடுங்கி, சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு ஏற்றினார். "எனக்குத்தேன் போச்சு, இந்த மனுசனுக்கும் போகணுமா?" என்று இப்போது கேட்கிறார். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி வாசலில் நின்றார்.

முதலாளி வெள்ளியங்கிரி பதறிப்போனதாகச் சொல்கிறார். "எனக்குப் பயமுங்க. கழுத்துல தொறந்து கெடக்குது, இங்க பூராத் தூசி. ஊட்டுல ரெஸ்ட் எடுங்கன்னு கும்புட்டுக் கேட்டனுங்க." ஒச்சம்மாள் காலியாகக் கிடந்த மெஷினில் உட்கார்ந்து, கீழே கிடந்த வெட்டுத் துணியை எடுத்து நாடா வைத்துத் தைத்தார். எழுந்து, முதலாளியின் கண் முன்னாலேயே கழுத்தில் கட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம் நானென்னங்க சொல்றது?"

ஆனால் வேலைக்கு வருவது வேறு, வேலை வாங்குவது வேறு. இதற்குள் டாக்டர்கள் தொண்டையில் சின்ன வால்வு ஒன்றைப் பொருத்தி விரல் வைத்துப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ("மொத வார்த்தைக்கு ராக்கையாவத்தேன் வஞ்சேன்.") மெஷின் சத்தத்தில் அந்தக் குரல் எடுபடவில்லை. லேபிள் தலைகீழாக ஏறுவதைப் பார்த்து ஓடிப்போய்ச் சொல்வதற்குள் கட்டுக்கட்டாகத் தைத்துத் தள்ளிவிட்டார்கள். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. அவருடைய லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். அவர்கள் தன்னைப் பார்த்து இரக்கப்பட்டதுதான் அன்றைக்கு அவருக்குத் தாங்கவில்லை.

அப்புறம் கைகள் பேசத் தொடங்கின. மேஜையில் இரண்டு தட்டு என்றால் எல்லாரும் நிமிர வேண்டும். காதைப் பிடித்தால் லேபிளைப் பார். தோளைத் தொட்டால் தோள் தையல் இழுக்கிறது. நெஞ்சில் கை வைத்தால் அருமை, இப்படியே போ. ஒடிசாவிலிருந்து வந்த கீதாஞ்சலி, துணி ஓரத்தை மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "முன்னாடி அக்கா கத்தும். திட்டுறாங்கன்னு பயம், ஒண்ணும் புரியாது. இப்போ எல்லாம் புரியும்" என்றாள். போன வருடம் ஆர்டர் சுருங்கி, கம்பெனியில் பல லைன்கள் நின்றன. ஒச்சம்மாளின் லைன் ஒரு நாளும் நிற்கவில்லை. இப்போது மற்ற லைன்களிலும் காதைப் பிடிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில், தன்னைப் போன்ற நோயாளிகளுக்காகத் தைத்த கழுத்துத் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு கோவை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கூடப் போனேன். அங்கே ஒரு கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் வேல்குமார். அவிநாசி டவுன் பஸ் கண்டக்டர். குரல்வளையை எடுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று இரண்டு தடவை வீட்டுக்குப் போய்விட்டவர். "சத்தமில்லாத கண்டக்டர ஆருங்க வெச்சுக்குவாங்க? இப்படியே போறனுங்க" என்றார், திரும்பாமலே. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒச்சம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விரலை வைத்தார்.

"தம்பி, எனக்கும் இதேதேன். எடுத்துப்புட்டாய்ங்க. பேசுறேன்ல?"

வேல்குமார் திரும்பினார். அந்தக் கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்தார்.

"வலிக்குமுங்களா?"

"வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

"சோறு திங்க முடியுமா?"

"நேத்துக் கருவாட்டுக் கொழம்பு."

"சிரிக்க?"

ஒச்சம்மாள் விரலை எடுத்துவிட்டுச் சிரித்தார். சத்தமே இல்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, கட்டில் ஆடியது. முதலில் வேல்குமாரின் மனைவிதான் சேர்ந்து சிரித்தாள். மறுநாள் வேல்குமார் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

சென்ற மாதம் ஒச்சம்மாளும் நானும் திருப்பூரில் அவிநாசி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் வேல்குமார். டிப்போவிலேயே வேறு வேலை தருவதாகச் சொன்னார்களாம். பஸ்தான் வேண்டும் என்றிருக்கிறார். விசில் ஊத மூச்சு வாய்க்கு வராது, மணிக்கயிற்றை இழுக்கிறார். "பூண்டி... பூண்டியெல்லாம் வாங்க" என்று அந்தக் கரகரத்த குரலில் சொன்னதும் முன்சீட்டுக்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஆனால் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை இறுக்கிப் போட்டிருந்தார். பேச வேண்டிய ஒவ்வொரு முறையும், யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலருக்குள் விரலை நுழைத்துத் தேடினார்.

எங்கள் சீட்டுக்கு வந்தவர் ஒச்சம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஏதோ சொல்ல அவசரமாக விரல் காலருக்குப் போனது. ஓடுகிற பஸ்ஸில் ஒச்சம்மாள் எழுந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பொத்தானைக் கழற்றி, பஸ் முழுக்கப் பார்த்திருக்க, காலரை இரண்டு பக்கமும் நன்றாக விரித்துவிட்டார்.