சிவப்புப் பூ வந்தது யார் குற்றம்?

எனக்குச் சுலபத்தில் கோபம் வராது என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. ரேஷன் அரிசியில் பாதி கல்லாக இருந்தபோதுகூட, 'யுத்தமே முடிந்துவிட்டது, கல்லும் ஒருநாள் முடியும்' என்று பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டவன். ஆனால் போன வாரம் வந்த கோபம் இருக்கிறதே... இன்னும் இறங்கவில்லை. இதை எழுதும்போதே நிப்பு காகிதத்தைக் கிழிக்கிறது.

விஷயம் இதுதான். சுயம்புலிங்கத்தின் கலியாணம் நின்றுபோயிற்று.

யார் சுயம்புலிங்கம்? தூத்துக்குடியில் எங்கள் தெருக்காரன். ஜவுளிக்கடைக் குமாஸ்தா. விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தெருமுனைப் பிள்ளையாரைச் சுற்றி வந்த பிறகுதான் கடைச் சாவியைத் தொடுவான். பிரதோஷம் என்றால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அப்பேர்ப்பட்டவனின் கலியாணம் எதற்காக நின்றது தெரியுமா? அவன் நாஸ்திகனாம்!

சிரிக்காதீர்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் தெரு வாசகசாலையில் மாதாமாதம் ஒரு தர்க்கம் நடக்கும். காப்பியா டீயா, ரயிலா பஸ்ஸா என்று ஏதாவது ஒரு தலைப்பு. யாரும் தனக்குப் பிடித்த கட்சியைப் பிடித்துக்கொள்ளக்கூடாது என்பது சட்டம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, வந்த கட்சியைத்தான் பேச வேண்டும். காப்பியையே தொடாதவன் காப்பிக்காக உயிரை விட்டுப் பேசுவான், அதுதான் வேடிக்கை. பேசி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்தத் தடவை தலைப்பு: 'கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துமா?'

பேச ஒப்புக்கொண்டவர்கள் இருவர். ஒருவன் சுயம்பு. இன்னொருவன் கஸ்டம்ஸ் ஆபீஸ் சண்முகம். இவன் கோயில் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்காதவன். சாமி கிடையாது என்று ஊரறியச் சொல்லுகிறவன். ஆனாலும் இருவரும் ஒரே காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிக்கிற சிநேகிதர்கள்.

சீட்டு எழுதப் போனோம். வாசகசாலைத் தலைவர் தடுத்தார். அவர் அரிசி மொத்த வியாபாரி. பக்திமான்.

"ஏலே, இது காப்பியா டீயாங்கிற மாதிரி விசயமா? சாமி காரியம்லா! சாமிகிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்."

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாத வெளியூர் வாசகர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது. வருகிற பூதான் சாமியின் பதில். பெண் கொடுப்பதா, கடை திறப்பதா, தோணி வாங்குவதா... எங்கள் சீமையில் எல்லா வழக்குக்கும் இதுதான் கடைசிக் கோர்ட்டு. அப்பீல் கிடையாது.

வெள்ளை வந்தால் 'பொருந்தும்' என்று பேச வேண்டும், சிவப்பு வந்தால் 'பொருந்தாது' என்று பேச வேண்டும் என்று தலைவரே வகுத்தார். பிள்ளையார் முன்னால் பொட்டலங்களைப் போட்டோம். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, சுயம்பு பெயருக்கு ஒன்றை எடுக்கச் சொன்னோம்.

சிவப்பு!

சுயம்புவின் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையாரைப் பார்த்து, "நீரே இல்லைன்னு என்னயப் பேசச் சொல்லுதீரா?" என்று கேட்டேவிட்டான். பிறகு தலைவரிடம் கெஞ்சினான். "என்னய விட்டுருங்க அண்ணாச்சி. நாக்கு எழும்பாது."

தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். "சாமி உத்தரவுவே! மீறினா குத்தம்."

சாமி கொடுத்த வேலையை அரைகுறையாகச் செய்யச் சுயம்புவுக்குத் தெரியாது. தர்க்கத்தன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, விபூதி கலையாத நெற்றியோடு மேடை ஏறினான். ஏறிப் பேசினான் பாருங்கள்...

"உப்பளத்துக்காரர் மழை வேண்டாம்னு கும்பிடுதார். விளாத்திகுளம் கரிசல்காட்டுக்காரர் மழை வேணும்னு கும்பிடுதார். ரெண்டு பேரும் உடைக்கது ஒரே தேங்காதான். சாமி யாரு பேச்சக் கேக்கும்? பெய்ஞ்சா ஒருத்தர் 'சாமி கேட்டுட்டு'ங்கார். பெய்யலேன்னா இன்னொருத்தர் 'சாமி கேட்டுட்டு'ங்கார். எப்படிப் போனாலும் ஜெயிக்குத கேஸ எந்தக் கோர்ட்டுல ஒத்துக்கிடுவாக?"

பிறகு புயலுக்கு வந்தான். "கரை திரும்புன தோணிக்காரன் 'சாமி காப்பாத்திட்டு'ன்னு சொல்லுதான். திரும்பாத தோணிக்காரன்கிட்ட யாரு போயிக் கேட்டா?" பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சங்குக்குளிக்காரர்கள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

சண்முகம் மட்டும் சளைத்தவனா? வெள்ளைப் பூக்காரன் அல்லவா! எழுந்தான். "சங்கு குளிக்கவன் கடலடிக்குப் போறான். மேல கயிறு பிடிச்சிருக்கவன் மூஞ்சி அவனுக்குத் தெரியுதா? தெரியாது. ஆனாலும் கயித்த ஒரு இழுப்பு இழுத்தா மேல தூக்கிருவான்னு நம்புதான். அந்த நம்பிக்கை அறிவில்லாததா? நாம எல்லாரும் கடலடியில நிக்கோம்யா. மேல ஒருத்தர் கயிறு பிடிச்சிருக்கார்!"

பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. தலைவர் மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்ததும் சண்முகம் என் காதில் சொன்னான்: "கயிறு பிடிக்கவன் மச்சினன் அண்ணாச்சி. தங்கச்சி தாலி அவன் கையில இருக்கு. அந்தத் தைரியத்துலதான் குளிக்கவன் இறங்குதான். அத மேடையில சொல்லலாமா?"

நடுவராக வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் நேர்மையானவர். வாதத் திறமையில் சுயம்பு கட்சியே ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு முடிய வேண்டிய கதை.

முடிந்ததா?

ஆத்தூருக்குத் திரும்பிப் போன வெற்றிலைக் கூடைகளோடு செய்தியும் போயிற்று. ஆத்தூரில் மாசானமுத்து என்று ஒருவர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவர் மகள் இசக்கியம்மாளைத்தான் சுயம்புவுக்குப் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாகியிருந்தது. மாற்றிய வெற்றிலை பாக்கு ஒரு தட்டில் திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்று, "சாமி இல்லைங்கவன் வீட்டுல எங்க பிள்ள விளக்கேத்த முடியாது" என்று ஒப்பித்துவிட்டுப் போனார்.

நான் நேரே தலைவரிடம் போனேன். ஆத்தூருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அரிசி மூட்டையில் மாதிரி பார்க்கும் குத்தூசியைச் செருகிக்கொண்டே சொன்னார்: "பூ ஒரு வெளையாட்டுக்குப் போட்டது. அதுக்காக இப்படியா பேசுவான்? மனசுல இருந்தாத்தான வரும்!"

எப்படி இருக்கிறது? அன்றைக்குச் சாமி உத்தரவு, இன்றைக்கு விளையாட்டு. அன்றைக்கு மீறினால் குற்றம். இன்றைக்கு மீறாதது குற்றம். இதே மனிதர், ஆவணித் திருவிழாவில் பிரசங்கம் செய்யச் சண்முகத்துக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார். சண்முகத்துக்கு! அவனும் மனசில் இருந்ததைத்தான் பேசினானா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குத்தூசியைப் பிடுங்கி... சரி, வேண்டாம்.

சுயம்புவோ, "சாமி விட்ட வழி" என்று கடையில் துணியை அளந்துகொண்டிருந்தான். முழத்துக்கு முழம் கண் கலங்குகிறது. அந்தப் பெண்ணை அவன் ஒரே ஒரு முறைதான், அதுவும் கோயில் கூட்டத்தில் பார்த்திருக்கிறான். அவளும் நிமிர்ந்து பார்த்தாளாம். அதைச் சொல்லும்போது அளந்த முழத்தையே மறுபடியும் அளந்தான். ஆத்தூருக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆகவே நானும் சண்முகமும் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் ஆத்தூருக்குக் கிளம்பினோம். பஸ் வழியில் நின்ற இடங்களில் எல்லாம் இறங்கித் தள்ளினோம். எனக்கிருந்த வேகத்துக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

மாசானமுத்து என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சண்முகத்தின் பெயரைச் சொன்னதும் தோளிலிருந்த துண்டை எடுத்துவிட்டார்.

"கயிறு பேசுனது நீங்கதானா! என்னமா பேசுனீய! இங்கன கேட்டவுகளுக்கே கண்ணு நெறஞ்சிட்டு. உக்காருங்க. ஏளா, காப்பி கொண்டா!"

கருப்பட்டிக் காப்பி வந்தது. அடுத்த கேள்வியும் வந்தது. "உங்களுக்குக் கலியாணம் ஆயிட்டா?"

சண்முகத்துக்குப் புரையேறிவிட்டது. "அண்ணாச்சி, எனக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. நெசமா நம்புதவன் சுயம்புதான்."

"படிச்சவுக அப்படித்தான் அடக்கமாச் சொல்லுவாக."

கேட்டீர்களா? கும்பிடுகிறவன் 'கும்பிடுகிறேன்' என்றால் பொய். கும்பிடாதவன் 'கும்பிடவில்லை' என்றால் அடக்கம்! மேடையில் ஆடிய நாக்குதான் நிஜம், தினம் விடியற்காலம் பிள்ளையாரைச் சுற்றுகிற கால் நிஜமில்லை!

நான் கத்திவிட்டேன். "சுயம்புவின் சம்பந்தத்தை முதலில் எப்படி முடிவு பண்ணினீர்?"

"அம்மன் கோயில்ல பூக்கட்டித்தான். வெள்ளை வந்துது."

"அந்த வெள்ளைப் பூ மெய் என்றால் அவனுக்கு வந்த சிவப்புப் பூவும் மெய். சாமி சொன்னதைச் செய்தவனைத் தள்ளி வைக்கிறீர். அந்தச் சிவப்புப் பூ பொய் என்றால் உம்முடைய வெள்ளைப் பூவும் பொய். எதை வைத்துக்கொள்கிறீர்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சரிவே! இன்னொருக்கப் பூக்கட்டிப் பாப்போம். அம்மனே சொல்லட்டும்!" என்று எழுந்தார்.

அடுப்படிக் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. இசக்கியம்மாள். "அய்யா, பூவ நான் கட்டித் தாரேன். வெள்ளை வந்தா அவுகளக் கட்டிக்கிடுதேன். சிவப்பு வந்தா அவுகளும் வேண்டாம், வேற யாரும் வேண்டாம். கடைசி வரைக்கும் இந்த வீட்டுலயே இருந்துக்கிடுதேன். ஆனா அதுக்குப் பெறகு நீங்க பூவே கட்டப்பிடாது."

"ஏளா, என்ன பேச்சு பேசுத!"

"சாமி பேச்சக் கேட்டவுகளுக்கு வந்தது எனக்கும் வரட்டும்."

வாய்க்கால் கரையில் அம்மன் கோயில். பொட்டலங்கள் இரண்டையும் பூசாரி அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கினார். "எடுங்க" என்றார். நீரே எடுக்க வேண்டும் என்று நான் மாசானமுத்துவைப் பிடித்து முன்னால் தள்ளினேன். எனக்கு இரக்கமே இல்லை அப்போது.

அவர் கையை நீட்டினார். ஒரு பொட்டலத்தின் மேலே விரல் போயிற்று. நின்றது. இன்னொன்றுக்குப் போயிற்று. அதுவும் இல்லை. திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எத்தனை வருஷமாக இதே காலடியில் பூ எடுத்திருப்பார்!

கையை மடக்கிக்கொண்டார். "வேண்டாம்... எடுக்க வேண்டாம். அம்மன் மனசு எனக்குத் தெரியும். அந்தப் பயலயே வரச் சொல்லுங்க" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அழுதார். கலியாணம் வருகிற தையில்.

அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துமா, பொருந்தாதா? எனக்குத் தெரியாது. நானும் கும்பிடுகிறவன்தான், எதற்கு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம்புகிறோம் என்று மார் தட்டுகிறவர்கள், நம்புவதாகச் சொன்னதையாவது கொஞ்சம் நம்பித் தொலைக்கக்கூடாதா? பூ என்றால் பூ, உத்தரவு என்றால் உத்தரவு. வசதிக்கு ஒரு சாமி, வம்புக்கு ஒரு சாமியா? மகள் வாழ்க்கையே பணயமாகிவிட்டபோது பூவை விட்டுவிட்ட மாசானமுத்துவைக்கூட மன்னித்துவிடலாம். அந்த அரிசிக்கடைக்காரரை மன்னிக்க மாட்டேன். கலியாணத்தில் முதல் பந்தியில் அவர்தான் உட்காரப் போகிறார், பாருங்கள்!

திரும்பும்போது பஸ்ஸில் சண்முகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். காரியம்தான் பழமாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பொட்டலத்தப் பிரிச்சாவது பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி! அம்மன் என்ன சொல்லிச்சுன்னே தெரியாமப் போச்சே!"

இந்த விவகாரம் முழுவதிலும் சாமியின் பதிலைத் தெரிந்துகொள்ள நிஜமாக ஆசைப்பட்டவன் ஒருவன்தான்—சாமி இல்லை என்கிறவன்!