நாலு மாப்பிள்ளைக்கு ஒரு பொண்ணு

மீன் வாங்கப் போன எடத்துல நான் மாப்பிள்ளை பாத்த கதை இது.

சிங்கப்பூர் தோ பாயோவுல இருக்குற மீன் கடையில, சேலைக்கு பார்டர் பாக்குற மாதிரி வாலைப் பாத்துப் பாத்து நாலு ஆண் கப்பி மீன் எடுத்தேன். கூட சாம்பல் நிறத்துல ஒரே ஒரு பொண்ணு. வீட்டுல சின்னத் தொட்டிக்குள்ள விட்டதும் நாலும் அவ பின்னாடியே சுத்துச்சு. "அதிர்ஷ்டக்காரிடி நீ"ன்னு சிரிச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

காலையில பாத்தா, அவ தண்ணி சுத்தம் பண்ற பில்டருக்குப் பின்னாடி ஒடுங்கிக் கெடக்குறா. வால் கிழிஞ்சிருக்கு. வயித்துல குஞ்சு வேற. தலைய நீட்டினா போதும், நாலும் பாயுது. தீனி போட்டேன், வரல. செவுள் மட்டும் படபடன்னு அடிக்குது. என் கண்ணு முன்னாடியே செத்துருவாளோன்னு பயந்துட்டேன். மீன் வளக்குற பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பொண்ணு ரோஹானாவ ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன்.

ரோஹானா தொட்டியக் குனிஞ்சு பாத்தா. "ஒரு பொண்ணுக்கு நாலு ஆம்பளையா ஆன்ட்டி? சாப்பிடக்கூட விடாது லா"ன்னா.

மூணு ஆண அள்ளிட்டுப் போனா. பதிலுக்கு அவ தொட்டியிலேர்ந்து ரெண்டு பொண்ணக் கொண்டாந்து விட்டா. மிச்சமிருந்த ஒருத்தன் யாரத் தொரத்துறதுன்னு தெரியாம முழிச்சான்.

நான் நாற்காலியப் போட்டு அங்கேயே உக்காந்துட்டேன். மத்தியானம் அந்தச் சாம்பல் பொண்ணு மெதுவா வெளிய வந்து ஒரு வாய் தீனி எடுத்தா. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

உசுருக்குப் பயந்து ஓடினவளப் பாத்து நான் சிரிச்சிருக்கேன்.